உண்மை எழுதிய ஒரே ஆட்டக்காரன்

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டேன் என்றும் சொல்லலாம். ஆனால் வேறிடம் தேடிப் போகிறவர்கள்தான் வேலையை விடுவார்கள். நான் அந்தத் தொழிலையே முடித்துக்கொண்டேன். யாங்கோனில் ஒரு கால்பந்துக் கிளப்பில் ஒன்பது ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். இப்போது கியாக்டடாவில் ஒரு மருந்துக்கடையின் கிடங்கில் இருப்பு எழுதுகிறேன். மாத்திரை அட்டைகள் எண்ணினால் எண்ணியபடி இருக்கின்றன.

சென்ற மாதம், கிளப்பில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன் செய்தாள். காலைக் கேள்விகளை இப்போது தாளில் கேட்பதில்லையாம். ஆட்டக்காரர்கள் போனிலேயே தட்டி அனுப்புகிறார்களாம். "சயாமா, எல்லாரும் எல்லாத்துக்கும் அஞ்சுதான் போடறாங்க. உண்மையப் போட வைக்க நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். டீச்சரானாலும் டாக்டரானாலும் இந்த ஊரில் பெண்களை 'சயாமா' என்றுதான் கூப்பிடுவார்கள், ஆண்களை 'சயா' என்று. அவளுக்குப் போனில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான்கு ஆண்டுக் கல்லூரி, பிறகு ஓராண்டு ஆஸ்பத்திரியில் பக்கவாத நோயாளிகளுடன். அங்கே இரண்டு பழக்கங்கள் வந்தன. தொடுவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது ஒன்று. பார்த்ததை அன்றே எழுதிவைப்பது மற்றது. இரண்டாவதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிறு வயதிலிருந்தே நான் பட்டியல் போடுகிறவள்.

கிளப்பின் மைதானம் ஆற்றுக்கு அப்பால் தன்லியினில் இருந்தது. பாலம் தாண்டிப் பஸ்ஸில் போவேன். சிகிச்சை அறை என்பது முன்பு கோல் வலைகள் போட்டுவைத்திருந்த சாமான் அறை. ஒரு மேசை, மின்சாரம் இருக்கும் நேரத்தில் மட்டும் உயிர்வரும் ஒரு கருவி, ஒரு ஐஸ் பெட்டி. ஐஸ் மீன் சந்தையிலிருந்து வரும். ஆட்டக்காரர்களின் முழங்காலெல்லாம் மீன் வாசம் அடிக்கும். என் பெயர் சாந்தா. பர்மியர்கள் வாயில் அது 'மா சான்டா' ஆகிவிட்டது. 'மா' பெண்கள் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி, பெரிய ஆண்களுக்கு 'ஊ'. முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் உண்டு. இந்தியர்களைக் குறிக்க இங்கே இருக்கும் அந்த வசைச்சொல்லை நான் எழுதப்போவதில்லை.

காலைத் தாள் என்னுடைய ஏற்பாடு. மைதானத்தில் இறங்குவதற்கு முன், ஏழு மணிக்கு, ஒவ்வொருவரும் ஐந்து கேள்விகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும். தூக்கம், அசதி, தசை வலி, மனநிலை, பசி. ஐந்து என்றால் மிக நன்று, ஒன்று என்றால் மிக மோசம். இருபத்தைந்துக்குக் கூட்டல். எண் சரிந்தால் அன்றைக்கு அவனுக்கு ஓட்டம் குறையும். தசை கிழிவதற்கு நான்கைந்து நாள் முன்பே தூக்கத்தில் தெரிந்துவிடும் என்று படித்திருந்தேன். நடைமுறைக் குறிப்பையும் நானே தட்டச்சு செய்தேன். அதில் ஐந்தாவது வரி, 'தாளின் நகல் வாராவாரம் மேலாளர் அலுவலகக் கோப்புக்கு.' யாரும் கேட்காமலே அந்த வரியைச் சேர்த்தேன். நகல் இல்லாத பதிவு பதிவே இல்லை என்பது என் எண்ணம்.

முதல் வாரம் இருபத்தாறு பேரும் இருபத்தைந்து போட்டார்கள். கணுக்கால் பப்பாளி மாதிரி வீங்கியிருந்த தடுப்பாட்டக்காரன் ஒருவன் தசை வலிக்கு ஐந்து போட்டிருந்தான்.

"இது அஞ்சா?" என்று கேட்டேன்.

"நடக்க முடியுதே, சயாமா."

"அப்ப முடியாமப் போனா?"

"நாலு போடுவேன்" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பயம் பாதிக் காரணம்தான். மீதியைப் பர்மியர்கள் 'ஆனாடே' என்பார்கள். எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று தன்னுடைய சங்கடத்தை விழுங்கிக்கொள்வது. நாலு போட்டால் மேலாளர் சயாவின் மனம் நோகும். மூன்று போட்டால் அவர் ஆட்களை மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஐந்து. விருந்துக்குப் போன வீட்டில் வயிறு முட்டிய பிறகும் இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொள்கிறோமே, அதே பழக்கம். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லா செங் அதற்கு அடுத்த சீசனில் வந்தான். வடக்கே கச்சின் மலையைச் சேர்ந்தவன், பத்தொன்பது வயது. கச்சின்காரர்கள் பிறந்த வரிசைப்படி பெயர் வைப்பார்கள். லா என்றால் மூன்றாவது மகன். அவன் ஊர் சண்டையில் எரிந்துபோயிருந்தது. தாய் அகதிகள் முகாமில் இருந்தார். மூத்த அண்ணன் இறந்துவிட்டான், இரண்டாவது அண்ணனைப் பற்றிச் செய்தி இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். முதலில் தெரிந்தது அவன் ஓட்டம். இடப்பக்க விளிம்பில் பந்தை வாங்கி, உடனே ஓடாமல், ஒரு மூச்சு நிற்பான். தடுப்பவன் எடையை ஒரு காலுக்கு மாற்றும் அந்த நொடியில் மற்றப் பக்கமாகப் போய்விடுவான். ஒன்பது ஆண்டில் அப்படி நிற்கத் தெரிந்த வேறொருவனை நான் பார்க்கவில்லை.

போன் அடித்தால் பயிற்சியின் நடுவிலேயே வெளியே போய்விடுவான். முகாமில் சிக்னல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு முறை நாள் முழுக்கக் காணாமல் போனான். மூன்றாவது வாரம், உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னிலையிலும் கோல்கீப்பர், "மலையில கொரங்கு தொரத்தித் தொரத்தி ஓடக் கத்துக்கிட்டான். இன்னைக்குக் கொரங்கு வரல போல, அதான் மெதுவா ஓடறான்" என்றான். செங் அவன் மூக்கை உடைத்தான். அறையில் எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு நோயாளிகள். ஒருவனுக்கு மூக்கு, இன்னொருவனுக்குக் கைவிரல்.

கிளப்பில் இருக்கும்வரை செங்குக்கு மூன்று பாதுகாப்புகள் இருந்தன. விடுதியில் ஒரு படுக்கை. வார்டு அலுவலகத்தில் தங்குமிடப் பதிவு. கிளப் தலைப்பிட்ட ஒரு கடிதம். படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலோடு வார்டு ஆட்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கடிதத்தைக் காட்டினால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு கச்சின் இளைஞனைப் பிடித்துக்கொண்டுபோய், அவன் சொந்த மலைக்கே துப்பாக்கியோடு அனுப்புவார்கள் என்பதை அவனும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இருவருக்கும் தெரியும்.

விரல் ஆறுவதற்குள் பின்தொடைத் தசையில் கிழிசல். குப்புறப் படுக்கவைத்து, முழங்காலைப் பதினைந்து பாகை மடித்து, குதிகாலில் என் உள்ளங்கையை வைத்து, "மேல தள்ளு" என்றேன். தள்ளினான். முகம் மாறவில்லை. உட்காரும் எலும்புக்கு நான்கு விரல் கீழே என் கட்டைவிரலின் அடியில் தசை ஓரிடத்தில் பள்ளமாக விட்டுக்கொடுத்தது.

"வலிக்குதா?"

"ஆமா."

நிமிர்ந்து பார்த்தேன். அந்த மேசையில் அந்தக் கேள்விக்கு யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை.

"எவ்வளவு?"

"நாய் கடிச்சாப்பல. உங்க ஐஸ் நாத்தம் அதவிட மோசம்."

அடுத்த ஆறு வாரம் தினமும் என் அறைக்கு வந்தான். எங்கள் இருவருக்குமே பர்மிய மொழி வீட்டு மொழி இல்லை, அதனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. முழங்காலில் நின்று, கணுக்காலை நான் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் பயிற்சி. முதல் வாரம் ஐந்து தடவை, ஆறாவது வாரம் முப்பது. இடையில் பேசுவோம்.

"ஒங்களப் பின்னாடி என்னன்னு கூப்பிடறாங்க, தெரியுமா?" என்றான் ஒருநாள்.

"தெரியும்."

"கோவம் வராதா?"

"வரும். யாரு, என்னைக்குன்னு எழுதி வச்சுக்குவேன்."

"எழுதி?"

"பத்து ஆனதும் கிழிச்சுப் போட்டுடுவேன்."

அவன் சாய்ந்த நிலையிலேயே சிரித்து முகம் குப்புற விழுந்தான். "நான் ஒண்ணுலயே மூக்க ஒடச்சுட்டேன். நீங்க பொறுமைசாலி, சயாமா."

அந்த வாரம்தான் அவனிடம் காலைத் தாளைப் பற்றிப் பேசினேன். அவனும் மற்றவர்களைப் போல ஐந்தே போட்டுக்கொண்டிருந்தான். நிஜமாக எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று கேட்டேன். மூன்று என்றான். போன் வருமோ என்று கையில் வைத்துக்கொண்டே படுத்திருப்பானாம்.

"அப்ப தூக்கத்துக்கு ஒண்ணு போடு."

"போட்டா?"

"அன்னைக்கு ஓட்டத்தக் கொறச்சுக் குடுப்பேன். ஒன் தசை கிழியாது."

"சயாஜீ பாத்தா?" சயாஜீ என்று அவன் சொன்னது மேலாளர் ஊ சோ லின்னை.

"இந்தத் தாள் என்னத் தாண்டிப் போகாது" என்றேன்.

பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. நகல்கள் வாராவாரம் மேலாளர் அலுவலகத்துக்குப் போயின. அங்கே ஒரு நீலக் கோப்பில் சேர்ந்தன. ஓராண்டில் அந்தக் கோப்பை யாரும் திறந்து நான் பார்க்கவில்லை. திறக்காத கோப்பும் இல்லாத கோப்பும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். பயிற்சி பெற்ற ஒருத்தி செய்யக்கூடாத கணக்கு அது.

செங் உண்மையை எழுதத் தொடங்கினான். பதினொன்று, ஒன்பது, பதினான்கு, முகாமிலிருந்து போன் வந்த நாளில் பத்தொன்பது. எண்களைப் பார்த்து நான் அவன் வேலையைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தேன். எட்டு ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினான். தசை ஒருமுறைகூட இழுக்கவில்லை. ஐந்து கோல் போட்டான். கோல்கீப்பரே ஓடிவந்து அவனைத் தூக்கினான். வீட்டில் அம்மாவிடம் அந்தத் தாள்களைக் காட்டிப் பெருமைப்பட்டேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள மட்டும் ஏன்டி பெயிலாவுது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊ சோ லின் முன்பு பள்ளிக்கூட வாத்தியார். ஒன்பது ஆண்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்த விஷயமானாலும் முதலில் டீ வரும். கோப்பையின் கைப்பிடியை நம் பக்கம் திருப்பிவைப்பார். பிறகு வீட்டில் எல்லாரையும் விசாரிப்பார், பெயர் சொல்லி. அதற்குப் பிறகுதான் காகிதம். மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசிப்பார். வாசித்து முடித்ததும் பென்சிலைச் சீவிவிட்டு டப்பாவில் வைப்பார். 'முடியாது' என்ற சொல் அவரிடம் கிடையாது. அவர் முடியாது என்று நினைத்ததெல்லாம் நாமே முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வருவோம்.

சீசன் நடுவில் ஒரு முற்பகல் கூப்பிட்டனுப்பினார். டீ வந்தது.

"அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு, மா சான்டா?"

"பரவால்ல, சயா."

"வெயிட்டு தூக்க விடாத." நீலக் கோப்பைத் திறந்தார். "கமிட்டி நாலு பேரக் கொறைக்கச் சொல்லிடுச்சு. யார் மனசும் நோகாம, நம்பரப் பாத்துச் செஞ்சிடலாம்னு நெனச்சேன். நல்ல வேள, நீ வாராவாரம் குடுத்து வச்சிருக்க."

என் தாள்களிலிருந்து சராசரி எடுத்து, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு வரிசையாக எழுதியிருந்தார். இருபத்தைந்துகள், இருபத்துநான்குகள். முழங்கால் தேய்ந்தவன், குடித்துவிட்டு வருகிறவன், கணுக்கால் வீங்கியவன், எல்லோரும் மேலே. கடைசி வரியில் லா செங், பன்னிரண்டு.

"சயா, மத்தவங்க எழுதறது பொய்."

"எல்லாருமா?"

"இருபத்தஞ்சு பேரும்."

அவர் ஸ்கேலை நேராக்கினார். "இருபத்தஞ்சு பேரு ஒரே மாதிரி பொய் சொன்னா அதுக்குப் பேரு ஒழுக்கம், மா சான்டா."

எட்டு ஆட்டங்களைச் சொன்னேன். ஐந்து கோல்களைச் சொன்னேன். வார்டு ஆட்களைப் பற்றிச் சொன்னேன், கடிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று. குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பென்சில் முனையால் ஒரு கட்டத்தைத் தொட்டார். "காலுல கொற இல்ல. இதப் பாரு. மனநிலை ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு. ஏற்கெனவே ஒருத்தன் மூக்கு போச்சு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவந்தான் எழுதியே குடுத்தானே, தெரிஞ்சும் ஏன் வச்சிருந்தேன்னு என்னக் கேப்பாங்க. எழுதாம இருந்திருந்தா நான் பேசியிருப்பேன்."

விடுவிப்புக் காகிதத்தில் என் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. 'மேற்கண்ட எண்கள் சரியானவை.' பேனாவின் மூடியைக் கழற்றி, முனையைத் தன் பக்கம் திருப்பி, எனக்கு நீட்டினார். அறுபது வயது மனிதர், என் தாய்க்கு நலம் கேட்டவர், இரண்டு கையாலும் பேனாவை நீட்டிக்கொண்டிருக்கிறார். எண்கள் சரியானவைதான். மறுத்தால் அவர் கை அப்படியே நிற்கும். அந்தச் சங்கடத்தை என்னால் தாங்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டேன். டீ நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

செங்கிடம் நானே சொன்னேன். மேசையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். காலை ஆட்டுவதை நிறுத்தினான்.

"தாள் ஒங்களத் தாண்டிப் போகாதுன்னீங்க."

"ஆமா."

"போயிருக்கு."

"நான்தான் ஒரு நகல் வச்சேன்."

"மத்தவங்க அஞ்சு போடறது ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அவங்க கிட்டயும் போய் உண்மைய எழுதுங்கன்னு கேட்டீங்களா?"

முதல் வாரத்துக்குப் பிறகு கேட்கவில்லை. ஒருவன் எழுதியதும் என் ஏற்பாடு வேலை செய்கிறது என்ற திருப்தி எனக்கு வந்துவிட்டது. இதை அவனிடம் சொன்னேன். தலையாட்டினான். "ஒங்களுக்கு ஒரு ஆள் போதும்" என்று சொல்லிவிட்டுக் காலணிகளை எடுத்துக்கொண்டு போனான். அவன் கோபப்பட்டு அந்த ஐஸ் பெட்டியை உதைத்திருக்கலாம். எனக்கு அது பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

மூன்று கிளப்புகளுக்குப் போன் செய்தேன். மூன்றும் ஊ சோ லின்னிடம் விசாரித்தன. அவர் யாரைப் பற்றியும் தவறாகப் பேசுகிறவர் இல்லை. பையன் தங்கமானவன், கொஞ்சம் மனசு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மூன்று இடத்திலும் ஆள் தேவைப்படவில்லை.

நான்கு மாதம் கழித்து, அவன் லைங் தாயாவில் ஒரு துணி ஆலையில் இஸ்திரிப் பிரிவில் இருப்பதாகப் பழைய கூட்டாளி ஒருவன் சொன்னான். ஆலை அடையாள அட்டையை வைத்துச் சமாளிக்கிறானாம். அட்டை கடிதத்துக்குச் சமம் இல்லை. பகலில் வேலைக்குள் இருப்பது, அறையை அடிக்கடி மாற்றுவது, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஞாயிறுகளில் ஆலைக் குழுக்கள் ஆடுமாம். அவனும் ஆடுகிறானாம். நன்றாக ஆடுகிறவனை சூப்பர்வைசர் வார்டு ஆட்களிடம் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதால்.

நான் கிளம்பும்போது அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அவன் ஒனக்கு என்னடி ஒறவு? ரெண்டு பஸ்ஸு மாறி அவ்வளவு தூரம்."

"என்கிட்ட இருந்த கேஸு, அம்மா."

"கேஸ்தான் முடிஞ்சுபோச்சே."

ஆலைச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே புல் இல்லாத ஒரு மனை. கோலுக்கு இரண்டு மூங்கில். சுவர் நிழலில் ஆலைப் பெண்கள் சின்னக் கூடைகளில் மாங்காய் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். செங் மெலிந்திருந்தான். பந்தை வாங்கினான், ஒரு மூச்சு நின்றான், போய்விட்டான். மூங்கிலுக்கு நடுவே பந்து. இரண்டாவது முறை ஓடும்போது இடது கால் தரையில் பதியும் நேரம் குறைந்ததைப் பார்த்தேன். மூன்றாவது முறை கை தானாகவே பின்தொடைக்குப் போனது. உடனே எடுத்துவிட்டான்.

இடைவேளையில் அவனிடம் போனேன். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"சயாமா! இவ்வளவு தூரமா? ஒக்காருங்க, ஒக்காருங்க." ஒரு பெண்ணிடமிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கித் தன் சட்டையால் துடைத்துப் போட்டான். கரும்புச் சாறு வாங்கிவர ஒருவனை அனுப்பினான்.

"கால் இழுக்குது, செங்."

"இல்லையே."

"நான் பாத்தேன். படு. ஒரு நிமிஷம்."

"ஒண்ணும் இல்ல, சயாமா. நல்லா இருக்கு. அம்மாவுக்கு முட்டி வலின்னு சொல்வீங்களே, இப்ப எப்படி?"

"வலிக்குதா?"

"கொஞ்சங்கூட இல்ல."

கையை நீட்டினேன். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கால் மட்டும் அரையடி பின்னால் நகர்ந்தது. என் மனம் நோகக் கூடாது என்பதற்காக மிக மெதுவாக நகர்த்தினான். சாறு வந்தது. இரண்டு கையாலும் கொடுத்தான். பஸ் கூட்டமாகிவிடும், சீக்கிரம் கிளம்புங்கள் என்று அக்கறையாகச் சொன்னான். விசில் ஊதியதும் தலை வணங்கிவிட்டு உள்ளே ஓடினான்.

தொட்டுப் பார்க்காமல் எழுதக் கூடாது. இருந்தும் எழுதுகிறேன். பழைய இடத்தில் இரண்டாம் நிலைக் கிழிசல், ஆறு வாரம் ஓய்வு. அடுத்த ஞாயிறும் ஆடினான் என்று கேள்விப்பட்டேன். அதற்கு அடுத்த ஞாயிறு அவனை யாரும் பார்க்கவில்லை.